தம்பியின் சாயலில் ஓர் அமெரிக்கர்

வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். மணம் தாங்காமல் லா சப்பல் தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு, சுவரிலிருந்து கழற்றிய படத்தைக் கட்டிலில் நீங்கள் படுக்கும் பக்கம் சாய்த்து வைத்திருக்கிறேன். படத்திலுள்ள மனிதர் வழக்கம்போல வேறெங்கோ பார்க்கிறார்.

பழைய சாமான் சந்தையில் அதை நீங்கள் கண்ட ஞாயிற்றுக்கிழமை எனக்கு மறக்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கேலிச்சித்திரம் போட்ட ஓவியர் ஒருவர் கறுப்பு மையால் வரைந்த முகம் என்று விற்பவர் விளக்கினார். அதை நீங்கள் காதில் வாங்கவேயில்லை. "இஞ்சை பார், தம்பி" என்றீர்கள். யாரோ வந்துவிட்டதாக நினைத்து நான் திரும்பிப் பார்த்தேன்.

காணாமற்போனபோது உங்கள் தம்பிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. இடம்பெயர்ந்த வழியில் அவருடைய புகைப்படங்களும் தொலைந்துபோயின. "இருந்திருந்தா இப்ப இப்பிடித்தான் இருப்பான்" என்று சொல்லிக்கொண்டே ஆணி அடித்தீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருக்கும் மாமிக்கு, உங்கள் அம்மாவுக்கு, வீடியோவில் காட்டினீர்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு, "இவன் ஏன் என்னைப் பாக்கிறானில்லை?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் படத்தைத்தான் காட்டவேண்டும். படம் மாட்டிய அறையில் தனியே இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் மகள்தான் ஒருநாள் கைத்தொலைபேசியில் தேடி அவர் யாரென்று கண்டுபிடித்தாள். நாடக நடிகராம். "அது சித்தப்பா இல்லை, பப்பா" என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன்.

"எப்ப செத்தவராம்?"

பேரப்பிள்ளைகளைக் கண்டு, நன்றாக வயது போய்த்தான் இறந்தார் என்றாள்.

"அப்ப நல்லது" என்றீர்கள். அன்று மத்தியானம் கதிரையிலேயே அயர்ந்து உறங்கினீர்கள். நீங்கள் அப்படி உறங்கக் கண்டு எத்தனையோ காலம்.

நீங்கள் கண்மூடிய செய்தியை மாமிக்குச் சொன்னோம். அழுதார். மறுகிழமை மறந்துவிட்டார். அவருக்கு நினைவு இப்போது தடுமாறுகிறது. நேற்றும் அழைத்தார். படத்தைப் பார்த்தபடியே கேட்டார்:

"பிள்ளை, அவன் சாப்பிட்டவனோ?"

"ஓம் மாமி. இப்பதான்."

எந்த மகனைக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் இரண்டு பேருக்குமாக நானே ஓம் சொல்கிறேன். சொல்லிவிட்டு அழைப்பை நிறுத்தும்போது, ஆளில்லாத குசினியில் யாரோ கோப்பையைக் கழுவி வைக்கும் சத்தம் கேட்கிறது. நான் எழும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.