அரைக்கட்டை தள்ளி

2024 மே 8, புதன்

என் அண்ணன் யூடியூபில் பேட்டி கொடுத்திருக்கிறான். "ராயபுரத்து டிஜே ஜெரி". ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பிப்பதே தெரியவில்லையே, எப்படி என்று அந்தப் பெண் கேட்கிறாள். இவன் காதைத் தொட்டுக் காட்டுகிறான். "எல்லாம் இதான்கா. சின்ன வயசுலேர்ந்தே அப்டி." வீட்டில் வேறு யாருக்காவது இசை தெரியுமா? "தங்கச்சி கீது, மெர்லின். கோயில்ல கீபோர்டு வாசிக்கும். நமக்கு வயரு சுத்தித் தரும்."

வயர்!

மே 9

ஆறு வருடமாக அவனுடைய ஒவ்வொரு பாட்டுக்கும் வேகமும் சுருதியும் கண்டுபிடித்து எழுதித் தருவது நான். மென்பொருள் காட்டுமே என்பான். காட்டும். எழுபதில் போகும் பாட்டை நூற்றி நாற்பது என்று காட்டும். மைனரை மேஜர் என்னும். கீபோர்டில் வைத்துப் பார்த்துத் திருத்துவது யார்? சுருதிகளைக் கடிகாரம் மாதிரி வட்டமாக அடுக்கி, பக்கத்துப் பக்கத்து எண்கள்தான் ஒட்டும், தள்ளிப் போனால் உறுத்தும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

வேகம் தப்பினால் அவனுக்கே தெரிந்துவிடும், ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். சுருதி தப்பினால் பல் கூசும். ஏன் கூசுகிறது என்று அவனுக்குத் தெரியாது.

பேட்டியில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"ஒரு பேச்சுக்கு சொன்னத பெர்சா எடுத்துக்கினு... ஞாயித்துக்கெழம லிஸ்ட்டு ரெடியா, அத சொல்லு."

மே 10

பட்டியலில் இடையிடையே பன்னிரண்டு பாட்டுக்குச் சுருதி எழுத்தை மாற்றினேன். எல்லாம் அரைக்கட்டை தள்ளி, கீபோர்டில் ஒட்டினாற்போல் இருக்கும் அடுத்த கட்டைக்கு. அதைவிட அசிங்கமாக எதுவும் மோதாது. வேகத்தைத் தொடவில்லை.

ஞாயிறு அனிஷாவின் கல்யாணம். எனக்கு வேண்டியவள். அதனால் ஆட்டப் பாட்டு எட்டும், சாப்பாட்டு நேரத்துக்கான மெல்லிய இசை நாலும் மட்டும் மாற்றினேன். அவள் மேடைக்கு வரும்போது அவளுடைய அப்பா ராசையா மாமா பாடியதைத் தனியாகப் போடப் போகிறார்கள். மாமா போன வருடம் இறந்துவிட்டார். போனில் பாடி வைத்திருந்தது. சுருதி டி மைனர். அதை ஒழுங்காகத்தான் எழுதினேன்.

அசிங்கப்படட்டும் அவன்.

மே 12, ஞாயிறு

டோல்கேட் மண்டபம். பகல் பன்னிரண்டு மணி. அனிஷா வாசலில் நிற்கிறாள், மாப்பிள்ளை ஆன்றோ மேடையில். மாமாவின் குரல் ஆரம்பித்தது. இரண்டு வரி போனதும் அடியில் கித்தார் வந்தது.

தனியாகத்தானே போடுவதாக இருந்தது? ஜெரி அவர்களை அசத்த நினைத்திருக்கிறான். பட்டியலில் டி மைனர் என்று இருந்ததையே தேடி எடுத்திருக்கிறான். அது டி மைனர் இல்லை. நான் மாற்றிய சாப்பாட்டு நேர இசை நாலில் ஒன்று.

கித்தார் ஒழுங்காக ஒலித்தது. மாமாதான் சுருதி கெட்டுப் பாடுவது மாதிரி இருந்தது. பின்வரிசையில் யாரோ, "பெருசு சரக்கு உட்டுக்கினு பாடிக்கீது" என்றான். ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். அனிஷா நடு வழியில் நின்றுவிட்டாள்.

அவளுடைய அம்மா தேவகிருபை ஓடி வந்தார். "நிறுத்துல அத! செத்த மனுசன கேலி பண்ணவால ஒன்னக் கூப்பிட்டோம்?"

ஜெரிக்கு நிறுத்தும் பொத்தானே அகப்படவில்லை.

நான் வயர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மே 13

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"என் காது போச்சு, மெர்லினு. கன்டெய்னர் யார்டு வேலைல எட்டு வருசமா அந்த இரைச்சல்ல நின்னுக்கினு கீறேன்ல. லிஸ்ட்டுல ரெண்டும் டி மைனர்னுதான் கீது. எனக்கு ஒண்ணாதான் கேட்டுச்சு. அல்லாருக்கும் வேற மாரி கேட்டுக்கீது."

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மே 15

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

மே 17

காது டாக்டரிடம் போனான். படியேறும்போதே சிரிப்பு. "ஒண்ணியும் இல்லியாம்! சோக்கா கீதாம்!"

எதிரில் வந்து நின்றதும் சிரிப்பு நின்றது. "அப்போ அன்னிக்கி இன்னா ஆச்சு?"

"நாந்தான் மாத்தி எழுதுனேன்."

அடித்திருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னை அசிங்கப்படுத்தணும்னா மூஞ்சிக்கு நேரா செய்யறதுதான? அந்த மன்சன் உனுக்கு இன்னா பண்ணாரு?"

"வயரு சுத்தறவள்னு சொன்னியே..."

சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது. ஆனால் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன். பொய் எழுத இது பேட்டி இல்லை.

மே 19, ஞாயிறு

மாமாவின் குரலுக்குச் சரியான சுருதியில் கீபோர்டு வாசித்துச் சேர்த்தேன். நன்றாக வந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அனிஷா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, நான் செய்ததைச் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"நீயாக்கா?"

"ஒரு தடவ கேட்டுப் பாரு, அனிஷா. சரி பண்ணிட்டேன்."

"வேணாம். எங்கப்பா குரல் உன் போன்ல இருக்கா?"

"இருக்கு."

"அழி. என் கண்ணு முன்னாடி அழி."

போன், கணினி எல்லாவற்றிலும் அழிக்கச் சொன்னாள். போனில் இருந்ததை வாசற்படியில் நின்றே அழித்தேன். கணினியில் இருந்ததை வீட்டுக்கு வந்து.

ஜூன் 2

ஜெரி பழைய கீபோர்டு ஒன்று வாங்கி வந்திருக்கிறான். அவன் அறைக்குள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறான்.

ஜூன் 30, ஞாயிறு

மாலையில் அவனுக்கு விம்கோ நகரில் கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் ஒரு பிள்ளையின் புதுநன்மை விருந்து. காலையிலிருந்து உள்ளே ஒற்றை ஒற்றைக் கட்டையாகச் சத்தம். ஒரு பாட்டை ஓடவிட்டு அதன் சுருதியைத் தேடுகிறான். ஈ. இல்லை. எஃப். அதிலேயே நின்றுவிட்டான். தப்பு. அரைக்கட்டை கீழே இருந்தான்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? கதவுக்குப் பக்கத்தில் போய், "எஃப் ஷார்ப்" என்றேன்.

உள்ளே சத்தம் நின்றது. பிறகு முதல் கட்டையிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி அமுக்க ஆரம்பித்தான்.