இரண்டாவது வெடி

பூன்யோல்,
ஆகஸ்ட் கடைசி

தங்கச்சிக்கு,

ஊர்த் தக்காளித் திருவிழாவுக்கு முன்னால், சனிக்கிழமை குழந்தைகளுக்கான தக்காளி வீச்சு. விதிகளைச் சொல்லிக்கொடுக்க இந்த வருடமும் என்னைத்தான் பிடித்தார்கள். இந்த ஊரில் யாருக்கும் எதுவும் ஞாபகமிருப்பதில்லை.

"நசுக்கிட்டுத்தான் எறியணும். ரெண்டாவது வெடி போட்டதும் கையில இருக்கறதக் கீழ போட்டுடணும்" என்றேன்.

நேரெயா என்று ஒரு வாயாடி, ஏழு வயது. "வெடிச் சத்தம் கேக்கலன்னா, டீச்சர்?"

"கேக்கும்."

"கேட்டும் எறிஞ்சா?"

"அதுக்குள்ள எல்லாரும் கண்ணுல படாம இருக்கப் போட்ட நீச்சல் கண்ணாடியக் கழட்டியிருப்பாங்கடி."

"அப்புறம் மன்னிப்பு கேட்டா சரியாயிடுமா?"

"ஆகாது" என்றேன். பக்கத்திலிருந்த குட்டி பயந்து அழ ஆரம்பித்தாள்.

அன்று உன்மேல் எறிந்தபோது எனக்கு வெடி கேட்கவில்லை என்றுதான் பதினோரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். ஒரே கண்ணால் படிப்பாயே என்று கடிதங்களைப் பெரிய எழுத்தில்தான் எழுதினேன். நீ ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. அப்படியே திரும்பி வந்தன. இதுவும் வரும்.

அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு வெடி கேட்டது.

அக்கா