பெர்ல் குழுவில் நான் கேட்ட கேள்வி

நவ. 11, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.
லேபில் பெரிய தப்பு. ரத்தம் கொடுத்துவிட்டுப் போன முத்துலட்சுமி அக்காவின் சர்க்கரை ரிப்போர்ட் முத்துராமன் என்பவர் கைக்கும், அவருடையது அக்கா கைக்கும் போய்விட்டது. அச்சில் இரண்டு பேருமே ‘முத்து?’. நல்லவேளை, வயது மாறியிருப்பதை அக்காவே பார்த்துவிட்டார்.
ரிப்போர்ட் அடிப்பது பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு பழைய புரோகிராம். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கம்ப்யூட்டர் படித்தவள் என்று என் தலையில்.
ஓனர் சத்தம் போடவில்லை. “திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணிருங்கம்மா. இல்லாட்டி வேற ஆளத்தான் பாக்கணும்.”

12, புதன்
பெர்ல் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் குழு. சேர்ந்தேன். இங்கிலீஷில் கேள்வி எழுத ஒரு மணி நேரம். நாலு தடவை அழித்தேன்.
மதியம் பதில். புரோகிராமைக் காட்டாமல் கேட்டால் ஜோசியமா சொல்வது, முதலில் புத்தகத்தைப் படி என்று ஒருவர். குழுவில் எல்லோரும் அதைப் படித்திருப்பார்கள்.
குவைத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் போன். சொல்ல ஆரம்பித்ததும் இவர், “வண்டி வந்துருச்சு, அப்பறம் பேசுறேன்.” பேசவில்லை. மகள் திருச்சி ஹாஸ்டலில். ஞாயிறு மட்டும்தான் பேச விடுவார்கள்.

13, வியாழன்
நேற்றைய சாம்பார். ஒரு ஆளுக்கு அளவாக வைக்க இன்னும் வரவில்லை.
ஆர்னே என்று ஒருவர், நார்வே. புரோகிராமை அனுப்புங்கள், சேர்ந்தே பார்ப்போம் என்று எழுதியிருந்தார். அனுப்பினேன்.

15, சனி
சரியாகிவிட்டது! பெயரை இருபது எழுத்தில் வெட்டச் சொன்னால் அது இருபது பைட்டில் வெட்டியிருக்கிறது. தமிழில் எழுத்து, சுழி, புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆறுக்கு மேல் தாண்டாது. ஃபைலைத் திறக்கும் வரியில் பைட்டை விட்டு எழுத்தாக எண்ண யூடிஎஃப்-8 என்று சேர்க்கச் சொன்னார் ஆர்னே. ‘முத்துலட்சுமி’ முழுசாக வந்தது.
ஓனர் எட்டிப் பார்த்து, “ம், சரி” என்றார். அவ்வளவுதான்.
குழுவுக்கு நன்றி எழுதினேன். கடைசியில் ஒரு வரி: இங்கே மழை, வீட்டில் நான் மட்டும், இதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அனுப்பிய பிறகுதான் உறைத்தது. எல்லோருக்கும் போயிருக்கும். அசிங்கம்.

16, ஞாயிறு
மகள் இரண்டு நிமிடம் பேசினாள். குழுவிலிருந்து ஒன்றுமில்லை.

17, திங்கள்
ஆர்னேவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மெயில். எழுபத்தோரு வயதாம். மனைவி இல்லை. குழுவுக்கு இப்போதெல்லாம் அதிகம் யாரும் எழுதுவதில்லையாம். ஆனாலும் தினமும் காலையில் திறந்து பார்ப்பாராம். கேள்வி ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்கிறார்.
கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஓடுகிறது. புரோகிராமை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், புரியாத இடம் ஒன்று கிடைக்குமா என்று.