கடைசியில் வந்த முதல் ரீல்

சிட்லபாக்கம்
8 ஜூன் 2025

அன்பு மச்சான் ஏசுபாதத்துக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் அருள்மேரியும் எப்படி இருக்கிறீர்கள்? மூன்று முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷக் கோபம், எடுக்க மாட்டாய்தான். கடிதத்தைக் கட் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஷர்மிளாவிடம் நம் முறச் சண்டைப் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று தாம்பரம் கொட்டகையில் மாட்டினி பார்த்தோமே, அந்தச் சீனப் படம். அதன் பேர் நமக்கு அன்றும் தெரியாது. இரண்டு நண்பர்கள் முறத்தை வைத்துச் சண்டை போடுவார்கள் என்றதும் மகள் எங்கேயோ தேடிப் பிடித்து டிவியில் போட்டுவிட்டாள். முறம் சுழல்கிற சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மறுநாள் உங்கள் வீட்டு முறத்தை உடைத்துவிட்டு உன் அம்மாவிடம் இரண்டு பேரும் வாங்கிய அடி ஞாபகம் வந்தது.

ஆனால் மச்சான், நம்மை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். நாம் பார்த்த படத்தில் இருவரும் கிணற்றடியில் மோதுவார்கள், தாடிக்காரன் விழுவான். அப்புறம் அவன் பிழைத்து வந்து, இருவரும் ஒரே கிண்ணத்தில் சேமியா மாதிரி ஏதோ சாப்பிடுவார்கள். எழுத்து ஓடும். நாம் எழுந்து வந்துவிட்டோம். உண்மையில் அந்தச் சாப்பாடுதான் படத்தின் முதல் காட்சி. எழுத்து ஓடுவதும் அங்கேதான். கிணற்றடியில் விழுந்தவன் விழுந்தவன்தான், படம் அத்தோடு முடிந்துவிடுகிறது. சாப்பிடும்போது அவனுக்குத் தாடி இல்லையே என்று அன்று உன்னைக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் மழித்துவிட்டார்கள் என்று நீதான் சொன்னாய். நாற்பத்தோரு வருஷமாக அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தனியாகப் பார்த்தது நன்றாகவே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயேன்.

உன்
மோகன்ராஜ்


படப்பை
17 ஜூன் 2025

திரு. மோகன்ராஜ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கர்த்தர் கிருபையில் நாங்கள் சுகம்.

படத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 2013 மாவட்டக் கராத்தே போட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. ஷர்மிளாவின் குத்து எதிரே நின்ற பெண்ணின் முகத்தில் பட்டது. ரத்தம் வந்தால் குத்தியவரை வெளியேற்ற வேண்டும் என்பது விதி. நடுவராக நின்ற நான் ஷர்மிளாவை வெளியேற்றினேன். அவள் என் மடியில் வளர்ந்த பிள்ளை, எனக்கு மட்டும் அது சுலபமாக இருந்திருக்குமா? நீங்கள் மைக்கைப் பிடுங்கி, "இவன் வெலை போய்ட்டான்பா, எல்லாரும் பாத்துக்கோங்க" என்று அத்தனை பெற்றோர் முன்னால் சொன்னீர்கள். அருள்மேரி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் நான் நடுவராகப் போகவில்லை. படம் பார்க்க வரும் மனநிலை எனக்கு இல்லை.

இப்படிக்கு,
ஜே. ஏசுபாதம்


சிட்லபாக்கம்
22 ஜூன் 2025

ஏசுபாதம்,

நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியதை நாலு தரம் படித்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அந்த வரியை எழுதத்தான் முதல் கடிதத்தையே ஆரம்பித்தேன். வெட்கத்தில் படத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். உன் கடிதம் வந்ததும் ஷர்மிளாவிடம் அந்தப் போட்டியின் வீடியோ இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அதை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை, எல்லாம் எனக்குத் தெரியும் என்ற திமிர். மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். குத்து படுகிறது, அந்தப் பெண்ணின் உதடு கிழிகிறது. நான் உட்கார்ந்திருந்த பக்கம் அவள் முதுகுதான் தெரிந்தது.

ஷர்மிளா பக்கத்தில் நின்று சொன்னாள்: "அன்னிக்கு பஸ்லயே சொன்னேனேப்பா, பட்டுச்சுன்னு. நீங்கதான் காதுல வாங்கல."

நீ விலை போகவில்லை. நான்தான் பொய் சொன்னேன். ஊர் முன்னால் சொன்னதை ஒரு கடிதத்தில் துடைக்க முடியாது என்று தெரியும். கராத்தே சங்கத்துச் செயலாளர் தட்சிணாமூர்த்தி சாரிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் போட்டியில் அதே மைக்கில் சொல்கிறேன். நீ வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். அருள்மேரியிடமும் என்னை மன்னிக்கச் சொல்.

மோகன்


படப்பை
30 ஜூன் 2025

மோகன்,

உன் கடிதத்தை அருள்மேரிதான் உரக்கப் படித்தாள். முடித்துவிட்டு, "போய்ட்டு வாங்க, எவ்ளோ நாளைக்கு மூஞ்சிய தூக்கினு இருப்பீங்க" என்றாள். மைக்கில் நீ சொல்லும்போது அவள் இரண்டாவது வரிசையில்தான் உட்காருவாளாம்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் ஒரே பிரிண்ட், இரண்டு கொட்டகை. பெருங்களத்தூரில் ஓடி முடிந்த ரீலை என் அப்பாதான் சைக்கிளில் தாம்பரத்துக்குக் கொண்டுவருவார். அன்று முதல் ரீலோடு வரும்போது இரும்புலியூரில் டயர் பஞ்சர். ஜனம் விசில் அடிக்கவே, பின்னாலேயே வேறொரு ஆள் கொண்டுவந்த இரண்டாவது ரீலை ஆபரேட்டர் முதலில் ஓட்டிவிட்டார். அப்பா வந்து சேர்ந்த பிறகு முதல் ரீலைக் கடைசியில் போட்டார்கள். எனக்கு அப்போதே தெரியும். முந்தின நாள் பெருங்களத்தூரில் முழுப் படத்தையும் வரிசையாகப் பார்த்திருந்தேன்.

தாடிக்காரன் விழுந்ததும் நீ தேம்பித் தேம்பி அழுதாய். சாப்பாட்டுக் காட்சி வந்ததும் என் சட்டையைப் பிடித்து உலுக்கி, "டேய், அவன் சாவலடா" என்று சிரித்தாய். எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரிக் கதையை அங்கேயே கட்டிவிட்டேன்.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வராதே, உன் முழங்காலுக்கு வேண்டாம். ஷர்மிளாவிடம் சொல்லி, கிணற்றடிச் சண்டை முடிந்ததும் படத்தை முதலிலிருந்து போடச் சொல். அவர்கள் சாப்பிட்டு, எழுத்து ஓடியதும் நிறுத்திவிடலாம். அப்புறம் நாமும் சாப்பிடலாம்.

உன்
ஏசுபாதம்