அப்பாவின் தேற்றத்தில் ஒரு தட்டையான இடம்

என் செல்ல வாலுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆய்வேட்டை இந்த வாரம் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, கொடுக்காதே. போனில் சொல்லலாம் என்றால் உன் பேரைக் கேட்டதுமே அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், அவர் வகுப்புக்குப் போயிருக்கும் நேரத்தில் நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

உன் ஆய்வேடு முழுக்க அப்பாவின் தேற்றத்தின் மேல்தானே நிற்கிறது, அதில் ஓட்டை. பல கலப்பெண் மாறிகளில் வரும் அந்தப் பரப்புகளை, எந்த இரண்டு புள்ளியும் ஒன்றாகிவிடாமல், விளிம்பு விளிம்போடு பொருந்தும்படி, எங்கும் உப்பியிருக்கும் பெரிய பரப்பு ஒன்றுக்குள் பதித்துவிடலாம் என்றாரே, அதுதான். விளிம்பு எங்கும் நன்றாக வளைந்திருந்தால் சரியாம். ஒரு சின்னத் தகடு அளவுக்குத் தட்டையான இடம் இருந்துவிட்டால், அந்தத் தகடு முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கிப்போகுமாம். நாலு பரிமாணத்தை வரைய முடியாது என்று கரும்பலகையில் எப்போதும் ஒரு முட்டையைப் போடுவாரே, அதைப் பார்த்துப் பார்த்து எல்லா விளிம்பும் வளைந்துதான் இருக்கும் என்று கண் நம்பிவிட்டதாம். நீயும் அதே முட்டையைப் பார்த்து வளர்ந்தவள்தானே. ஊரான் கட்டுரை என்றால் வரிக்கு வரி நோண்டுகிற நீ, அப்பா எழுதியது என்று இதைச் சும்மா விட்டுவிட்டாய். அதைச் சொல்லித்தான் உடைந்துபோனார். "அவ கணக்கைப் பாக்கல, என்னைப் பாத்து நம்பிட்டா" என்றார்.

உனக்குத் தெரிவதற்குள் அடைத்துவிடுகிறேன், வாயைத் திறக்காதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் பிய்கிறது. சாப்பாட்டுத் தட்டு அறை வாசலில் ஆறிக் கிடக்கிறது, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறார். நேற்று படிக்கட்டில் தலைசுற்றி உட்கார்ந்தவரைப் பியூன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். டாக்டர் ஓய்வு என்று எழுதிக் கொடுத்த சீட்டின் பின்பக்கத்திலும் கணக்குப் போடுகிறார், எனக்குச் சிரிப்பும் வருகிறது வயிறும் எரிகிறது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவராக இருந்தால் சண்டையாவது போடலாம், தப்பு என்று ஒப்புக்கொண்டு மாய்ந்துபோகிறவரிடம் என்ன சண்டை போடுவது. எனக்குப் பயமாக இருக்கிறதடி. சத்தியத்தை மீறிய பாவம் என் தலையோடு போகட்டும்.

உன் வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடு. தட்டையான இடம் இல்லாத பரப்புகளுக்கு மட்டுமாவது உன் முடிவு நிற்குமா என்று கேள், நிற்காவிட்டால் போகட்டும், ஆய்வேடு இன்னொன்று எழுதலாம். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, தேற்றம் தப்பு என்று எனக்குத் தெரியும், இனி அடைக்க வேண்டாம் என்று நீயே சொல். நான் சொன்னால் ஆறுதல் சொல்கிறாள் என்று தள்ளிவிடுவார். உனக்காகத்தான் இந்தப் பாடுபடுகிறார், உன்னால்தான் நிறுத்த முடியும்.

ஆயுசும் தெம்பும் உனக்குக் குறையாமல் இருக்கட்டும். மாலையில் வீட்டில் இருப்பார், மறக்காமல் கூப்பிடு. பேசும்போது மட்டும் அழுதுவிடாதே, உன் அழுகை காதில் விழுந்தால் மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா