பிரஷர் நன்றாகத்தான் இருந்தது

மைனி,

பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டுகிறார்கள். பூண்டும் கருப்பட்டியும் நல்லெண்ணெயில் வேகிற வாசம் இங்கே வரைக்கும் வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

ரெண்டாவது பேறு என்பதால் நீங்கள் தாய்வீட்டுக்குப் போகாமல் மேலப்பாளையத்தில் அண்ணனோடும் எங்களோடும்தான் இருந்தீர்கள். பிள்ளை பிறந்து எட்டாம் நாள். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதென்று உம்மா சன்னலைச் சாத்தி, மின்விசிறியையும் நிறுத்தியிருந்தாள். காலையிலிருந்து துணி மாற்றி மாளவில்லை. "அழுக்கு ரத்தம்லா, போவட்டும்" என்றாள் உம்மா. ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கே போயிற்று என் புத்தி?

"ஏட்டி, சன்னலத் தொறயேன். மூச்சு முட்டுது" என்றீர்கள். தண்ணீர் கேட்டீர்கள், குடித்த கையோடு மறுபடியும் கேட்டீர்கள். ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் புரண்டீர்கள். உள்ளங்கை ஈரமாக, சில்லென்று இருந்தது. அந்தப் புழுக்கத்தில் கை எப்படிச் சில்லிடும் என்று நான் யோசிக்கவில்லை. நாடி நூற்றிருபதைத் தாண்டி ஓடிற்று. பயத்தில் அடிக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அண்ணன் வாசலில் நின்று, "கார் கூப்பிடட்டுமாட்டி?" என்று கேட்டான். நான் பெருமையாகக் கருவியைக் கட்டிப் பார்த்தேன். நூற்றுப் பத்து.

"பிரஷர் நல்லாத்தான் இருக்குண்ணே. பொறுத்துப் பாப்போம்."

எல்லாரும் நம்பினார்கள். நீங்களும் நம்பி, அதற்கப்புறம் சன்னலைத் திறக்கச் சொல்லவே இல்லை.

சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும்போது கூப்பிட்டுப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, யாரோ தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். மறுபடி கட்டினேன். எழுபது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்ணார்பேட்டை நெரிசலில் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு பஸ், என் மடியில் உங்கள் தலை. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. கழுத்தில் தேடினேன். அங்கேயும் இல்லை.

இளம் உடம்பு ரத்தம் போகப் போகப் பிரஷரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், விடும்போது ஒரேயடியாக விட்டுவிடும். படித்த பாடம்தான். இப்போது பிரசவ வார்டில் கருவியை எடுக்கும் முன் கையைத்தான் தொடுகிறேன். தாகம் என்று தவிக்கிறவளை, காற்றில்லை என்கிறவளை விட்டு நகருவதில்லை. ஆனாலும் அந்த அறையை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை, மைனி.

அன்றைக்கு எட்டு நாள் பிள்ளையாக இருந்த உங்கள் மகனைப் போன வாரம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னான்: "எந் தங்கச்சி கூடவே இருந்து முடிஞ்சதெல்லாம் செஞ்சா. அத நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிடுதேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவனுக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அது.

ஆமாம் என்று தலையாட்டினேன்.