சர்க்கரையின் வாலும் கொள்ளேகால் பட்டும்

அம்மிணி,

நேற்று வெயிலில் ஒரு பழைய ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குத் தலை சுற்றியது. பக்கத்து வீட்டு அம்மா ஒரு ஸ்பூன் குளுக்கோஸ் பொடியை அப்படியே என் வாயில் போட்டார். நாக்கில் பட்டதும் சில்லென்றது. "ஏன் தெரியுமாம்மா? இது கரையறப்ப நாக்கோட சூட்டை எடுத்துக்கும்" என்று படுத்தபடியே பாடம் நடத்தினேன். "உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டாண்ணா?" என்றார் அவர். நீ எனக்குச் சொன்னது அது. உன் பெயரை நான் சொல்லவில்லை. நாக்கில் இருந்த குளிர்ச்சி போவதற்குள் எனக்கு வெட்கம் வந்துவிட்டது.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தொண்ணூறுகளில் நீ மைசூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, உங்கள் துறையின் ஜெனரேட்டரும் கம்ப்யூட்டர் அறையின் ஏசியும் என் பொறுப்பில் இருந்தன. தசராவுக்கு அரண்மனை விளக்கெல்லாம் என் கையால்தான் எரிகிறது என்று நம்ம ஊர் கொள்ளேகால் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அரண்மனைக்கு எதிரே ஒரு சோடாக் கடைக்கு ஒரே ஒரு முறை ஒயர் இழுத்திருக்கிறேன். உனக்கு அது தெரியும். ஆனாலும் யாரிடமும் நீ சொன்னதில்லை.

அந்த அறையின் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் ஃபிளாஸ்கில் காப்பியோடு வருவேன்.

"என்ன அம்மிணி, சக்கரை கரைஞ்சுதா?"

"கரைஞ்சிருச்சுங்க மாமா. இனிமேத்தான் வேலையே."

கரைந்த சர்க்கரை காணாமல் போவதில்லை என்று அங்கேதான் சொல்லிக் கொடுத்தாய். அது ஒரு வளையம். வளையத்துக்கு ஒரு குட்டி வால். அந்த வால் மூன்று பக்கம் திரும்பும். தண்ணீருக்குள் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் உன் கேள்வி. கண்டுபிடிக்க இரண்டு வழி. சர்க்கரைத் தண்ணீரைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து அதன் நிறமாலையை எடுப்பது ஒன்று. அதற்கு நீ பெங்களூருக்கு ரயிலில் போய் வருவாய். இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு சர்க்கரையையும் அதைச் சுற்றித் தண்ணீரையும் கணக்காகக் கட்டி, ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் விட்டு, என்ன செய்கிறது என்று வாரக்கணக்கில் பார்ப்பது.

"பொட்டிக்குள்ள தண்ணியா? ஷாக் அடிக்காதா புள்ள?" என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் காப்பி சால்வையில் கொட்டியது.

அந்த இரண்டு வழியும் ஒத்துப்போகவில்லை என்பதையும் நீ என்னிடம் மறைக்கவில்லை. மூன்றாவது பக்கம் வால் திரும்புவதே அபூர்வம் என்றது நிறமாலை. அங்கேதான் பாதி நேரம் நிற்கிறது என்றது கம்ப்யூட்டர். "சரியாப் போயிரும் அம்மிணி" என்றேன், கார்புரேட்டரைப் பற்றிச் சொல்வதுபோல.

உன் ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு வந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம் என்றார்கள். பிறகென்ன? தாய்மாமன் இல்லாமல் ஒரு சபையா? ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டி வந்தேன். உனக்கு எழுதும்போது பொய் எதற்கு, ஒரு வேன்தான். என் கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் தேங்காய், வாழைப்பழம், கற்கண்டு, செய்தித்தாளில் சுற்றிய கொள்ளேகால் பட்டு. பட்டம் கிடைத்தது என்று அறிவித்ததும் எழுந்து போய்ச் சீர் வைப்பதாக ஏற்பாடு. வாசலில் நீ அதைப் பார்த்தாய். "இங்கயுமாங்க மாமா?" என்றாய். ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

தேர்வாளர் மெட்ராஸ்காரர். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. கடைசியில் அவர், உன் கணக்கும் நிறமாலையும் முரண்படுகின்றனவே, எது சரி என்று கேட்டிருக்கிறார். நீ சொன்ன பதிலில் 'ராங்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

உன் பெரியப்பா என் விலாவில் இடித்தார். ஹனூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்தவர். "என்னப்பா சொல்லுது புள்ள?"

"தப்புங்குது."

"எது?"

"அதோட கணக்கு."

"அடக் கடவுளே! அப்ப பெயிலா? இதுக்கா என்னை வேன்ல ஏத்தினே?"

தாம்பாளத்தை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். "ஐயா, ஒரு நிமிசமுங்க. புள்ள கணக்கு தப்பில்லீங்க. கரண்ட்டு தப்புங்க. ஜெனரேட்டர் என் பொறுப்புங்க. நடுவுல நின்னுபோச்சு. கம்ப்யூட்டர் பாதியை மறந்துட்டு மறுபடி ஓடுச்சுங்க."

சபை சிரித்தது. "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் என்னை உட்காரச் சொல்லிக் கையை அசைத்தார் உன் வழிகாட்டி. மெட்ராஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"தாய்மாமனுங்க."

அவர் உன் பக்கம் திரும்பித் தமிழிலேயே கேட்டார். "ஓட்டம் நடுவுல அறுந்துதா? ஆய்வேட்டுல அதைப் பத்தி ஒரு வரி கூட இல்லையேம்மா. அப்படின்னா இதுல இருக்கற எந்த முடிவை நான் நம்பறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு கணக்கைக் காப்பாற்றப் போய் உன் நாலைந்து வருட உழைப்பு முழுவதின் மேலும் மண்ணெண்ணெயை ஊற்றியிருந்தேன்.

நீ என்னைப் பார்த்தாய். அதிகம் போனால் ஒரு மூச்சு நேரம்.

"அவர் சொன்னது பொய் சார். ஜெனரேட்டர் ஒரு நாளும் நின்னதில்லை. அதை அவர் அவ்வளவு நல்லாப் பாத்துக்குவார்."

படம் காட்டும் விளக்குப் பெட்டியில் ஒரு கண்ணாடித் தாளை வைத்தாய். சுவரில் ஒரு கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அறுபடாமல் நடுங்கிக்கொண்டே போனது. ஓட்டத்தின் ஆற்றல் கணக்கு அது என்றாய். எங்கும் நிற்கவில்லை, ஆகவே தப்பு மின்சாரத்தில் இல்லை, தண்ணீர் சர்க்கரையை எப்படி இழுக்கிறது என்று நீ எழுதிய விதத்தில் இருக்கிறது, அதன் காரணம் இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றாய். தெரியவில்லை என்பதை என்னைப்போல் மென்று விழுங்காமல் நிமிர்ந்து நின்று சொன்னாய்.

எனக்கோ 'பொய்' என்ற சொல்லுக்குப் பிறகு அப்போது எதுவும் மனசில் ஏறவில்லை. உன் பெரியப்பா மடியிலிருந்து தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. வேனில் வாழைப்பழத்தை எல்லாரும் தின்றார்கள். "பாஸ் பண்ணிருச்சாமே புள்ள!" என்று ஓடி வந்து ஏறினார் என் அக்கா, உன் அம்மா. "தப்பைத் தப்புன்னு சொன்னதுக்கே அந்த மெட்ராஸ்காரர் கையைக் குடுத்தாராம். நீ சீர் வெக்கலையாடா?" நான் ஜன்னல் வழியே பார்த்தேன். நீ படியில் நின்று எங்கள் வேனைத் தேடிக்கொண்டிருந்தாய். வண்டியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொள்ளேகாலில் நான் சொன்ன கதை வேறு. மெட்ராஸ்காரரே எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டதாகச் சொன்னேன். அந்தக் கதை சுற்றிச் சுற்றி உன் காதுக்கும் வந்திருக்கும். நீ மறுத்ததாக யாரும் சொல்லவில்லை. ஜெனரேட்டரை நான் நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று அந்தச் சபையில் நீ சொன்ன வாக்கியம், வருடங்கள் கழித்து ஒரு நாள் ஆயில் மாற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. நான் சொன்ன பொய்க்கு நடுவே என் வேலையின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாய்.

அப்புறம் நீ நோயில் படுத்திருந்தபோது போன் செய்தாய். வெயில், மழை, அக்காவின் முழங்கால் எல்லாம் பேசி முடித்தபின் கேட்டாய்.

"மாமா, அந்தப் பொடவை இன்னும் இருக்குதுங்களா?"

பீரோ என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இருக்கிறது என்றால் ஏன் தரவில்லை என்று நீ கேட்டுவிடுவாயோ என்று பயந்தேன். "அதையா? சாமுண்டி மலைக்குப் போய் அம்மனுக்கே சாத்திட்டேன் அம்மிணி. அர்ச்சகர் அசந்துபோயிட்டார்."

"அம்மனுக்குன்னா சரிங்க மாமா. கலர் மட்டும் சொல்லுங்க. பேப்பர் சுத்தியிருந்துது, நான் பாக்கவே இல்லை."

"மாம்பழ மஞ்சள். அரக்குக் கரை."

"எனக்கு நல்லா இருந்திருக்கும்" என்றாய்.

நீ போன அன்று, பீரோவில்தான் பட்டு இருக்கிறதே, அதையே கோடியாகப் போடு என்றார் அக்கா. மாட்டேன் என்று கடைக்கு ஓடி வேறு புடவை வாங்கி வந்தேன். பட்டத்துக்கென்று எடுத்ததை அதற்குப் போட என் கை வரவில்லை. இன்றும் அதே செய்தித்தாளுக்குள் இருக்கிறது. மடிப்புக் கலைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் உன்னிடம் ஜோடித்தே பேசியவன், அதன் நிறத்தை மட்டும் ஜோடிக்காமல் சொன்னேன்.